எடைக்கு எடை

ஐந்தருவிக்குப் போகும் பாதையில், எதிரே சப்-கலெக்டர் துரை குதிரைமேல் வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, ஆனரரி மாஜிஸ்திரேட் சங்கரபாண்டியனாரின் மோட்டார் நின்றுபோயிற்று. இருமி, முனகி, முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. பேசிக்கொண்டிருப்பவன் வாயைப் பொத்தியதுபோல நின்றது. மாஜிஸ்திரேட் அப்போதுதான் முதுகை நன்றாகச் சாய்த்து, வயிற்றை முன்னால் அனுப்பி, சலாமுக்குக் கையைத் தூக்கியிருந்தார். தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, வண்டி பாதையின் நடுவில் கிடக்க, குதிரை ஈரப் புல்லில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போயிற்று. துரை இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அது அனுதாபம் என்று மாஜிஸ்திரேட் அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று பேரிடம் சொன்னார். மூவரும் ஒப்புக்கொண்டார்கள். மூவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

துரை வளைவில் மறைந்ததும் அவர் இறங்கினார். அவர் இறங்குவது லேசான காரியம் அல்ல. முதலில் கைத்தடி, பிறகு ஒரு கால், பிறகு சற்று ஓய்வு, பிறகு மிச்சம் இருப்பதெல்லாம்.

"ஏலே சொரிமுத்து. இது எத்தனாவது தடவ?"

"நாலு எசமான்."

"எண்ணி வேற வச்சிருக்கியோ."

டிரைவர் சொரிமுத்து சாரலில் நனைந்துகொண்டே முன்னால் போய், கைப்பிடியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினான். வண்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிற்று. அதுதான் அவனுக்கு வினை. கிளம்பாமல் முரண்டு பிடித்திருந்தால் வண்டியின் குற்றமாகப் போயிருக்கும். எசமான் இறங்கியதும் முதல் சுற்றிலேயே கிளம்புகிற வண்டிக்கு டிரைவர்தான் ஜவாப்தாரி.

"நான் உக்காந்தா நிக்கி. நான் எறங்கினா ஓடுது. என்னைய என்ன மடையன்னு நெனச்சியாலே?"

சம்பளம் வாங்குகிறவன் இந்தக் கேள்விக்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான். அதை அவன் சொல்லவில்லை.

"பின்னால பீடி நாத்தம் வேற கொடலப் பொரட்டுது."

"நான் பீடி குடிக்கதில்ல எசமான். வெத்தலதான்."

"அப்ப நான் குடிக்கனா?"

இதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. அவனுடைய மௌனத்தை மாஜிஸ்திரேட் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். அவருடைய கோர்ட்டிலும் அதுதான் வழக்கம்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சங்கரபாண்டி. மிச்சம் அவரே சேர்த்துக்கொண்டது. தென்காசியில் வாரத்துக்கு இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்து, விளக்கில்லாமல் வந்த மாட்டுவண்டிக்காரனுக்கும் தெருவில் ஆட்டை அவிழ்த்துவிட்டவனுக்கும் தண்டம் விதிப்பது அவர் வேலை. மற்ற ஐந்து நாளும் அந்த இரண்டு நாளைப் பற்றிப் பேசுவார். மோட்டார், மலைமேல் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரன் பத்து வருஷம் ஓட்டிக் கழித்தது. மேல்கூரையை மடித்துவிட்டால் முழுவதும் திறந்த வண்டி. உள்ளே இருப்பவரை ஊர் பார்க்க வசதி. வண்டியை வாங்கியதன் நோக்கமும் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், சொரிமுத்துவின் லைசென்சுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியது. சிவப்புத் துணி அட்டை போட்ட சின்னப் புத்தகம். உள்ளே அவன் பெயரும் அப்பன் பெயரும் அங்க அடையாளமும் மையால் எழுதி, போலீஸ் சூப்பரின்டென்ட் கையெழுத்துப் போட்டிருந்தது. அதைக் கோட்டின் மேல்பையில் பாதி வெளியே தெரியும்படி செருகிக்கொண்டார்.

"சொரண்டை பஸ்காரன் ஒன்னைக் கூப்பிட்டிருக்கான். ஆவணி ஒண்ணாம் தேதி வாரேன்னு சொல்லியிருக்க. இல்லன்னு சொல்லு பாப்போம்."

"கூப்பிட்டது நெசந்தான் எசமான்."

"அதான் வண்டிய நிறுத்தி வெளையாடுத. போலே வெளியேன்னு நான் வெரட்டணும், நீ சிரிச்சிக்கிட்டுப் போயி பஸ்ஸுல ஏறணும். வெரட்டமாட்டம்லே. வேணும்னே வண்டிய நிறுத்துத பயன்னு சூப்பரின்டெண்டுக்கு எழுதுவேன். இந்தப் புஸ்தகம் அடுப்புக்குப் போகும். அப்பறம் பஸ்ஸ நீ தள்ளத்தான் செய்யலாம்."

கடிதம் அன்றே எழுதியாயிற்று. தேதி போடவேண்டியதுதான் பாக்கி. ஆனால் மாஜிஸ்திரேட் நீதிமான். வண்டியில் பழுது உண்டா என்று பார்த்து, இல்லை என்று ருசுவான பிறகே தேதி போடுவது என்று தீர்மானித்து, ரயில்வே கேட் பக்கம் பஸ் பழுது பார்க்கும் துல்கர்னைனுக்கு ஆள் அனுப்பினார்.

துல்கர்னைன் எண்ணெய்க் கைலியோடு வந்தார். யாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடும் மனிதர். மாஜிஸ்திரேட்டையும் அப்படியே கூப்பிட்டார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார். மூன்று நாள் வண்டியைக் குடைந்தார். சின்ன பல்பு ஒன்றில் இரண்டு வயரைக் கட்டி, ஒரு முனையை இரும்பில் வைத்து மறுமுனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் பல்பு எரிந்தது. பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். பாட்டரியின் முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெந்நீர் விட்டுக் கழுவினார். சொரிமுத்துவை ஓட்டவிட்டுச் சுந்தரபாண்டியபுரம் வரை போய்வந்தார். பிறகு அவனை இறக்கிவிட்டுத் தானே சுரண்டை வரை போய்வந்தார். வண்டி வழி நெடுகப் பள்ளத்தில் விழுந்து எழுந்ததே தவிர எங்கேயும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டியில் பாட்டரி. அதிலிருந்து முன்னால் எஞ்சினுக்குப் போகும் வயர் பலகைமேல் கிடந்தது. வயரைச் சுற்றியிருந்த துணி ஓர் இடத்தில் மட்டும், உளுந்தம்பருப்பு அகலத்துக்கு, கரிந்திருந்தது. அதற்கு நேர் மேலே சீட்டின் ஸ்பிரிங் ஒன்று முறிந்து, முனை கீழே பார்த்து நின்றது. தேங்காய்நார் மெத்தையின் அடிப்புறமும் அங்கே சற்றுக் கருகியிருந்தது. துல்கர்னைன் முகர்ந்து பார்த்தார். முனைக்கும் வயருக்கும் இடையில் விரல் நுழையும்.

"சொரிமுத்து, ஒங்க பீடி இங்கனதான் இருக்கு," என்றார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் வந்தார். "அண்ணாச்சி, மேல கனம் ஏறினா இந்தக் கம்பி எறங்கி வயரத் தொடும். தொட்டா எஞ்சினுக்குப் போற கரண்டு அப்படியே இரும்புல எறங்கி ஓடிரும். வண்டி நிக்கும். கனம் எறங்கினா கம்பி மேல வந்துரும், வண்டி ஓடும். நீங்க ஒருக்க ஏறி, நல்லா சாஞ்சு உக்காந்தீயன்னா தெரிஞ்சிரும்."

"அப்ப குத்தம் எம்மேலயா?"

"கம்பிமேல அண்ணாச்சி. நீங்க அதுக்கு மேல."

"வெள்ளக்காரன் பத்து வருஷம் உக்காந்து ஓடின வண்டிவே இது."

"அவன் ஒல்லியா இருந்திருப்பான்."

மாஜிஸ்திரேட் இதை அவமதிப்பு வழக்காகப் போட முடியுமா என்று சற்று யோசித்தார். வெள்ளிக்கிழமை காலை தம்முடைய வீட்டு முற்றத்திலேயே முறையாக விசாரணை நடக்கும் என்றும், அதுவரை வண்டி சாட்சிப் பொருள் என்றும், ஒருவரும் அதன்மேல் கை வைக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார். வெள்ளிக்கிழமைதான் சாயங்காலம் நாலு மணிக்குக் குற்றாலத்தில் முகாம் போட்டிருக்கும் கலெக்டரின் தேநீர் விருந்து. ராவ்சாகிப் பட்டத்துக்கான பெயர்கள் அங்கேதான் பேசப்படும் என்று அவருக்கு நம்பகமான தகவல். சொன்னவர் அவரே.

விசாரணைக்குப் பெஞ்சுக் குமாஸ்தா மாடக்கண்ணு மேசை, மைக்கூடு சகிதம் வந்து உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் கைவைத்த பெரிய நாற்காலியில், அதன் இரண்டு கைகளுக்கும் வெளியே கொஞ்சம் வழிந்து, அமர்ந்திருந்தார். கோட்டுப் பையில் சிவப்பு அட்டை தெரிந்தது. சொரிமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

துல்கர்னைன் மறுபடியும் ஆரம்பித்தார். "நீங்க ஏறி உக்காந்தா அஞ்சு நிமிசத்துல..."

"விசாரிக்கிறவன் சாட்சிக் கூண்டுல ஏறுவானாவே? வேற வழி சொல்லும்."

"அப்ப ஒங்க எடைக்கு மூட்ட ஏத்திப் பாப்போம். எடை என்ன?"

மாஜிஸ்திரேட் மேலே பார்த்தார். "ஊருக்கே தெரிஞ்ச விசயம். மாடக்கண்ணு, சொல்லும்."

மாடக்கண்ணு எழுந்து நின்று ஒப்பித்தார். இரண்டு வருஷத்துக்கு முன் பெஞ்சு மாஜிஸ்திரேட் உத்தியோகம் கிடைத்ததற்கு நேர்த்திக்கடனாக, பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தா கோவிலில் எசமான் துலாபாரம் கொடுத்தது. ஒரு தட்டில் எசமான், மறு தட்டில் வெல்லம். எடைக்கு எடை ஏழு மணங்கு வெல்லம் என்று கோவில் வாசற்படியில் கல்வெட்டு இருப்பது.

துல்கர்னைன் மாஜிஸ்திரேட்டைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு காலிலிருந்து தலைவரை பார்த்தார். இரண்டாவது பயணத்தில் நடுவழியில் கொஞ்சம் தங்கினார்.

"ஏழா?"

"ஏழு."

"கல்லுல வெட்டியிருக்கு?"

"வெட்டியிருக்கு."

"அப்ப சரி. கல்லு பொய் சொல்லாது."

மணங்கு இருபத்தைந்து பவுண்டு; மணங்குக்கு ஒன்றாக ஏழு சிறிய நெல்மூட்டைகள் நிறுத்துப் பின்சீட்டில் ஏற்றப்பட்டன. சொரிமுத்து வண்டியைக் கிளப்பி முற்றத்தைச் சுற்றி வந்தான். முற்றத்தின் குறுக்கே தண்ணீர் போகும் கல் ஓடை ஒன்று உண்டு. அதில் ஏறி இறங்கும்போது மூட்டைகள் குலுங்கின. வண்டி ஓடியது. இரண்டாம் சுற்று ஓடியது. மூன்றாம் சுற்றில் துல்கர்னைனே மூட்டைகளின்மேல் கையை ஊன்றி அழுத்திக்கொண்டு கூடவே நடந்தார். வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது.

"எழுதும் மாடக்கண்ணு," என்றார் மாஜிஸ்திரேட். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். "ஏழு மணங்கு ஏத்தியும் வண்டி நிக்கல. வண்டியில பழுது இல்ல. ஆகவே நிறுத்தினது டிரைவர். அந்தக் கடுதாசிய எடும், தேதி போடுவோம்."

துல்கர்னைன் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்கனயோ இடிக்கி," என்றார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

சொரிமுத்துவுக்குத் தெரிந்தது. மூட்டைகளை ஏற்றச் சொன்னபோதே தெரியும். உத்திரத்துக்கு முந்தின நாள் களஞ்சியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எசமானை ஒத்திகைக்காக நிறுத்துப் பார்த்தார்கள். பத்து மணங்கு. கல்லில் வெட்டப்போகிற எண் அது. பேரன் பேத்தி காலத்துக்கும் வருகிறவன் போகிறவன் எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கப்போகிற எண். கடவுளுக்கு எவ்வளவு கொடுப்பதென்பதில் எசமானுக்குத் தயக்கம் இல்லை. ஊர் எவ்வளவு என்று சொல்லும் என்பதில்தான் தயக்கம். அன்று சமையற்கட்டின் கருங்கல் அம்மியைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கி இதே வண்டியில் வைத்துக்கொண்டு போனவன் சொரிமுத்து. ஆள் வருமுன் வெல்லத்தட்டில் அம்மியைப் படுக்கப்போட்டு, அதன்மேல் பச்சைப் பட்டை விரித்தது அவன் கை. பட்டின்மேல் ஏழு மணங்கு வெல்லம் ஏறியதும் தட்டுகள் சமமாயின. ஜனங்கள் சாமியே என்று கும்பிட்டார்கள். அந்த அம்மி எவ்வளவு கனம் என்று மூன்று நாள் வலித்த அவன் தோளுக்குத் தெரியும்.

சொன்னால் இந்த வீட்டில் இனி அவனுக்குச் சோறு இல்லை. சொல்லாவிட்டால் எந்த வண்டியிலும் அவனுக்குச் சோறு இல்லை. மாடக்கண்ணு பேனாவை மைக்கூட்டில் நனைத்து ஓரத்தில் வழித்துக்கொண்டிருந்தார். சொரிமுத்து முற்றத்தைக் கடந்து சமையற்கட்டுக்குள் போனான்.

வெளியே வந்தபோது தோளில் அம்மி இருந்தது. பாதி அரைபட்ட தேங்காய்ச் சில் அதில் இன்னும் ஒட்டியிருந்தது. பின்னாலேயே மாஜிஸ்திரேட்டின் மனைவி முத்துவடிவு, குழவியைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

"ஏலே, அம்மிய எங்கன கொண்டு போற? அரைச்சது பாதியில நிக்கி. அன்னைக்கும் உத்திரத்துக்கு இப்படித்தான் தூக்கிட்டுப் போன. தொவையலுக்கு நான் பக்கத்து வீட்டுல போயி நின்னேன். சாமிக்கு எதுக்குட்டி அம்மின்னு அந்த வீட்டுக்காரி கேக்கா, நான் என்னத்தச் சொல்ல?"

அவள் தெரியாமல் சொன்னாளா, இரண்டு வருஷம் காத்திருந்து சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முப்பது வருஷமாக அந்த முகத்தில் மாஜிஸ்திரேட் எதையும் படித்ததில்லை.

சொரிமுத்து அம்மியை நெல்மூட்டைகளின்மேல் மெதுவாக வைத்தான். ஸ்பிரிங்குகள் கிறீச்சிட்டன. முன்னால் ஏறி உட்கார்ந்தான். துல்கர்னைன் கைப்பிடியைச் சுற்றிக் கொடுத்தார். வண்டி கிளம்பி, முற்றத்தில் பாதி வந்து, கல் ஓடையில் முன்சக்கரம் இறங்கி ஏறி, பின்சக்கரம் இறங்கியதும் நின்றது. பேச்சின் நடுவே வாயைப் பொத்தியதுபோல. பின்சீட்டிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது.

துல்கர்னைன் மூக்கை நீட்டி இழுத்தார். "பீடி," என்றார். அம்மியைத் தூக்கிக் கீழே வைத்தார். போய்க் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். வண்டி கிளம்பிற்று. "இந்தக் கல்லும் பொய் சொல்லல அண்ணாச்சி."

மாடக்கண்ணு இருபது வருஷம் குமாஸ்தா. சாட்சி சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிப் பழகிய கை. அவர் நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார். "அம்மின்னு எழுதவா, எசமான்?"

மாஜிஸ்திரேட்டின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, கடைசியில் உத்தியோக நிறத்துக்குத் திரும்பிற்று. "விசாரணை முடிஞ்சிது. எழுதினதக் கிழிச்சிப் போடும்."

"ரெண்டு நிமிசம் கொடுங்க," என்றார் துல்கர்னைன். "அந்த எடத்துல ஒரு துண்டு ரப்பர் வச்சிச் சுத்திட்டா தீந்துது. நீங்க எப்பிடி வேணும்னாலும் உக்காரலாம்."

"என் வண்டியில பழுது கெடையாதுவே. இல்லாத பழுத நீரு என்னத்தப் பாக்கப் போறீரு? ஏழு மணங்குதான். கல்லுல இருக்கு. வண்டிய எவனாவது தொட்டான், கைய முறிச்சிருவேன்."

துல்கர்னைன் தம்முடைய பல்பையும் வயரையும் துணியில் முடிந்துகொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். "அப்ப ஒண்ணு செய்யுங்க அண்ணாச்சி. சாயங்காலம் உக்காராம போங்க."

சொரிமுத்து கிட்டே வந்தான். "எசமான். அந்தப் புஸ்தகம்."

"வந்து பாத்துக்கிடலாம்," என்று அவர் பையைத் தட்டிக்கொண்டார். "நீதாம்லே ஓட்டணும். கலெக்டர் பங்களா வாசல்ல ஒருக்க நின்னுச்சோ, இது அருவியோட போகும்."

நாலு மணிக்கு முன்பே மலைப்பக்கம் இருண்டு சாரல் பிடித்துக்கொண்டது. மேல்கூரையைப் போட்டால் நிமிர்ந்து நிற்க முடியாது. ஆகையால் மடித்தே இருந்தது. ஜரிகைத் தலைப்பாகை, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் மாலை போல மடித்த அங்கவஸ்திரம். மாஜிஸ்திரேட் பின்சீட்டுக்கு முன்னால், காலை அகட்டி, முன்சீட்டின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் அங்குலமும் சீட்டைத் தொடவில்லை. வயரில் ஒரு துண்டுத் துணியைச் சுற்ற சொரிமுத்துவுக்கும் தெரியும். மத்தியானம் முழுவதும் வண்டி அவன் பொறுப்பில்தான் நின்றது. அவன் சுற்றவில்லை. தொடக்கூடாது என்பது உத்தரவு.

தென்காசியிலிருந்து மேலகரம் தாண்டும்வரை சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். மோட்டாரில் நின்றுகொண்டு போகிறவரை அவர்கள் அதுவரை கண்டதில்லை. சாமி புறப்பாடு ஒன்றுதான் அப்படிப் போகும். அருவிக்குக் குளிக்கப் போனவர்கள் ஈரத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள். ஒரு கிழவன் செருப்பைக் கழற்றினான். மாஜிஸ்திரேட்டால் கும்பிடு வாங்காமல் இருக்க முடியாது. பிடித்திருந்த கையை விட்டுச் சலாம் வைப்பார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும். சீட்டில் விழப்போய், விழாமல் மறுபடியும் பற்றிக்கொள்வார். "மெதுவாப் போலே," என்பார் பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல்.

சொரிமுத்துவின் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை. நிற்கிறவரின் நெஞ்சு மட்டும்தான் தெரிந்தது. வெள்ளைக் கோட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மேல்பையில் பாதி வெளியே நின்ற சிவப்பு அட்டையிலிருந்து சாயம் இறங்க ஆரம்பித்திருந்தது. முதலில் பையின் விளிம்பில் ஒரு கோடு. மேலகரம் தாண்டியதும் உள்ளங்கை அகலம். அதற்குள்ளே அவன் பெயர், அப்பன் பெயர், இடது புருவத்துத் தழும்பு, சூப்பரின்டென்டின் கையெழுத்து எல்லாம் வெறும் மையால் எழுதியது.

விரட்டிப் போனால் மழையில் பாதி குறையும், அவர் நிற்கமாட்டார்; சீட்டில் விழுவார், வண்டி நின்றுவிடும். மெதுவாகப் போனால் அவர் நிற்பார், எழுத்து நிற்காது.

"என்னலே கண்ணாடியில பாக்குத? ரோட்டப் பாரு."

"சரி எசமான்."

எதிரே பாலம் தெரிந்தது. பாலத்துக்கு முன்னால் வண்டிச் சக்கரங்கள் அரைத்த பெரிய பள்ளம், நிறையத் தண்ணீர். அதற்கு அப்பால் பங்களாவுக்குத் திரும்பும் வளைவு. பாலத்தின்மேல் இரண்டு பேர் கும்பிட்டபடி நின்றார்கள். பின்னால் முன்சீட்டின் முதுகிலிருந்து அந்தக் கை சலாமுக்காக எழும்புவது, பிடி தளர்ந்த அசைவில், சொரிமுத்துவின் முதுகுக்குத் தெரிந்தது. கண்ணாடியில் சிவப்புச் சாயம் கோட்டின் மூன்றாவது பொத்தானைத் தொட்டிருந்தது. அவன் வலது காலை வேகம் கூட்டும் மிதியின்மேல் வைத்தபடி, இன்னும் அழுத்தாமல், பள்ளத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு போனான்.